ஃப்ளவர்: காற்றாக மாறி விளையாட ஒரு முழுமையான வழிகாட்டி

ஃப்ளவர் என்ற வீடியோ கேமில் நீங்கள்தான் காற்று. ஒரே ஒரு இதழைத் தூக்கிக்கொண்டு புல்வெளியின் மேல் போகிறீர்கள். வழியில் ஒரு மொட்டை உரசினால் அது விரிந்து, தன் பங்குக்கு ஓர் இதழை உங்களோடு அனுப்பி வைக்கிறது. அடுத்த மொட்டு, அடுத்த இதழ். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்த்தால் பல வண்ண இதழ்கள் நீளமான வால் போல உங்கள் பின்னால் வளைந்து வளைந்து வருகின்றன. சுட வேண்டிய எதிரி இல்லை. மதிப்பெண் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் இல்லை. யாரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

முழு விளையாட்டும் சுமார் இரண்டு மணி நேரம்தான். அதனாலேயே பலர் ஒரே மூச்சில் முடித்துவிட்டு, ‘அழகாத்தான் இருக்கு’ என்று சொல்லி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தெரிகிறது. வேகத்தைக் குறைத்து, பட்டனிலிருந்து விரலை எடுக்கத் தெரிந்தவருக்கு இந்த விளையாட்டு காட்டும் உலகமே வேறு. வாங்குவதிலிருந்து மறைந்திருக்கும் பூக்களைத் தேடுவது வரை, அந்த விதமாக விளையாட வேண்டியதையெல்லாம் இங்கே சொல்கிறேன்.

யார் செய்தது, ஏன் செய்தார்கள்

இதைத் தெரிந்துகொண்டு விளையாடினால் மூன்றாவது கட்டமும் கடைசிக் கட்டமும் கூடுதலாகப் புரியும். அதனால் முதலில் இது.

ஜெனோவா சென் ஷாங்காயில் வளர்ந்தவர். கண்ணுக்கு எட்டிய வரை கட்டடங்களாகவே பார்த்துப் பழகியவர், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படிக்க அமெரிக்கா வந்தார். அங்கே சாலையோரமாக முடிவே இல்லாமல் விரிந்த பச்சைப் புல்மேடுகளும், வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளும் அவரை உலுக்கிவிட்டன. வீட்டின் கூடத்தில் இருக்கும் விளையாட்டுப் பெட்டி வேறோர் இடத்துக்குத் திறக்கும் வாசல் என்றால், அந்த வாசல் ஏன் இயற்கைக்குள் திறக்கக் கூடாது என்று அவர் யோசித்ததில் பிறந்ததுதான் ஃப்ளவர்.

அவரும் கெல்லீ சாந்தியாகோவும் 2006இல் தொடங்கிய ‘தட்கேம்கம்பெனி’ என்ற சிறிய நிறுவனம் இதை உருவாக்கியது. வடிவமைப்பில் நிக்கோலஸ் கிளார்க், இசையில் வின்சென்ட் டயமான்டே. 2009 பிப்ரவரியில் சோனியின் விளையாட்டுப் பெட்டியான பிளேஸ்டேஷன் 3க்கு, கடையில் வட்டாக விற்காமல் இணையத்தில் இறக்கிக்கொள்ளும் விளையாட்டாக வந்தது. 2010இல் பிரிட்டனின் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகமான பாஃப்டாவின் கலைச் சாதனை விருது கிடைத்தது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் கலை அருங்காட்சியகம் 2013இல் இதைத் தன் நிரந்தரச் சேகரிப்பிலேயே சேர்த்துக்கொண்டது. ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கும் சேகரிப்பில் ஒரு வீடியோ கேம்!

உருவாக்கும்போது நேர வரம்பு, சவால் போன்ற வழக்கமான சமாச்சாரங்களையும் சேர்த்துப் பார்த்து, அவை மனதின் அமைதியைக் கெடுக்கின்றன என்று வெட்டி எறிந்திருக்கிறார்கள். விளையாடும்போது ‘இங்கே என்ன செய்யணும்?’ என்ற கேள்வி வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களை அவசரப்படுத்தக்கூடிய எல்லாவற்றையும் யோசித்தே எடுத்துவிட்டார்கள்.

எதில் வாங்கி விளையாடுவது

பிளேஸ்டேஷன் 3க்குப் பிறகு, 2013இல் பிளேஸ்டேஷன் 4க்கும், கையில் எடுத்துப் போகக்கூடிய ‘பிளேஸ்டேஷன் வீட்டா’வுக்கும் வந்தது. 2017இல் ஐபோன், ஐபேடு. 2019இல் விண்டோஸ் கணினி. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் கிடைக்கும்.

என் பரிந்துரை பிளேஸ்டேஷன் 4 பதிப்பு. கண்ட்ரோலரைக் கையில் சாய்த்தால் காற்று அந்தப் பக்கம் திரும்பும். விளையாட்டையே இந்த அசைவை நம்பித்தான் கட்டியிருக்கிறார்கள். கண்ட்ரோலரில் கட்டைவிரலால் ஸ்டிக்கைத் தள்ளுவதற்கும் கையைச் சாய்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கை சாயும்போது உடம்பும் கூடவே சாய்கிறது, அறியாமலே.

கணினி மட்டும்தான் இருக்கிறது என்றால் தயங்க வேண்டாம். மவுஸாலும் விளையாடலாம், கண்ட்ரோலரை இணைத்தும் விளையாடலாம். ஸ்டிக் உள்ள கண்ட்ரோலர் இருந்தால் அதையே எடுங்கள். வளைந்து வளைந்து போகும் ஓட்டத்துக்கு மவுஸைவிட அது இதமாக இருக்கும். வாங்குமுன் கடைப் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவைகளை உங்கள் கணினியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புல் ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைவதால் கிராஃபிக்ஸ் வேலை கொஞ்சம் கனமானதுதான்.

ஐபேடிலும் அழகாகவே இருக்கிறது. போனின் சின்னத் திரையில் மட்டும் முதல் தடவை விளையாடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தொலைவில் இருக்கும் ஒற்றை மொட்டைக் கண்டுபிடிப்பதே பாதிச் சந்தோஷம், அது சின்னத் திரையில் கிடைக்காது.

தொடங்குமுன் அறையைத் தயார் செய்யுங்கள்

டிவியில் விளையாடுபவர்கள் முதலில் படத்தின் செட்டிங்கில் கேம் மோடைப் போடுங்கள். படத்தை வழுவழுப்பாக்கும் வசதி ஏதாவது இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் கையைச் சாய்த்து ஒரு கணம் கழித்துத்தான் இதழ் திரும்பும், அந்தத் தாமதம் எரிச்சலூட்டும். நிறத்தைக் கூட்டிக் காட்டும் ‘விவிட்’ போன்ற மோடும் வேண்டாம். பச்சையில் எத்தனை பச்சை வைத்திருக்கிறார்கள் என்பது அதில் அடிபட்டுப் போகும்.

அடுத்தது ஒலி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் ஒவ்வொரு பூவும் ஒரு வாத்தியம். மொட்டைத் தொட்டதும் ஒரு ஸ்வரம் ஒலிக்கும். பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் இசையோடு அது இசைந்து வரும்படி டயமான்டே அமைத்திருக்கிறார். வரிசையாக நிற்கும் பூக்களின் மேல் வேகமாகப் போனால் ஒரு மாதிரி, நின்று நிதானமாகப் போனால் வேறு மாதிரி என்று உங்கள் போக்குக்கு ஏற்ப மெட்டு அமைகிறது. அதனால் ஒலியைக் குறைத்து வைத்து விளையாடினால் பாதி விளையாட்டுதான் கிடைக்கும். நல்ல ஹெட்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். புல்லின் ஊடே காற்று போகும் சத்தமும், உயரே எழும்பும்போது அது மாறுவதும் அதில்தான் துல்லியமாகக் கேட்கும்.

கேமராவின் வேக அசைவால் தலைசுற்றல் வரக்கூடியவர்கள் அறை விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். மற்றவர்கள் விளக்கை அணைத்துவிடலாம்.

கையைப் பழக்குவது

கட்டுப்பாடு இரண்டே இரண்டுதான். பட்டனை அழுத்தினால் காற்று வீசும், சாய்த்தால் திரும்பும். பிளேஸ்டேஷனில் எந்த பட்டனை அழுத்தினாலும் காற்றுதான், அதனால் எது எதற்கு என்று மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

கண்ட்ரோலரை மடிக்கு மேலே தரைக்கு இணையாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தோளை இறுக்காமல் மணிக்கட்டால் மட்டும் சாயுங்கள். புதிதாக விளையாடுபவர்கள் பட்டனை அழுத்திக்கொண்டே கையை முழுதாக முறுக்குவார்கள். இதழ் பெரிய வட்டம் போட்டு, குறி வைத்த பூவைத் தாண்டிப் போய்விடும். மறுபடி திரும்ப, மறுபடி தாண்டும். இதற்கு வழி எளிது: முதலில் பட்டனை விடுங்கள். வேகம் குறையும். பூ இருக்கும் திசைக்குச் சாயுங்கள். அது நேர் எதிரே வந்ததும் மெதுவாக அழுத்துங்கள். விடு, சாய், அழுத்து. முதல் கட்டத்தில் இதை மட்டும் பழகிவிட்டால் பிறகு கையைப் பற்றி யோசிக்கவே வேண்டியிருக்காது.

தவறவிட்ட ஒரு பூவுக்காகத் துரத்திக்கொண்டு அலையவும் வேண்டாம். ஒரு பெரிய சுற்று சுற்றி வந்தால் தானாக வழியில் மாட்டும். அது எங்கும் ஓடிவிடாது.

ஆறு கனவுகள்

விளையாட்டு திறந்ததும் ஒரு நகரத்து அடுக்ககத்தின் ஜன்னல். வெளியே சாம்பல் நிற நகரம். ஜன்னலோரம் ஒரு தொட்டியில் வாடிய ஒரு பூ. அதைத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பூ காணும் கனவுக்குள் நுழைவீர்கள். ஒரு கனவு முடிந்தால் அடுத்த தொட்டி வந்து சேரும். நகரத்துக்குள் அடைபட்ட பூ, தான் பிறந்த வெளியைக் கனவு காண்கிறது. கதை என்று பார்த்தால் தொடக்கத்தில் இவ்வளவுதான் கையில் இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு கனவு, அதிகம் போனால் இரண்டு. இதுதான் என் அழுத்தமான பரிந்துரை. ஒரு கனவு முடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே நகரத்தைப் பாருங்கள், கொஞ்சம் மாறியிருக்கும். அந்த மாற்றத்தைக் கவனிக்க நேரம் கொடுங்கள்.

முதல் கனவு புல்வெளி. தொடங்கியதும் உடனே பறக்காதீர்கள். ஒற்றைப் பூ எதிரே நிற்கும். அப்படியே விட்டுவிட்டு அதைச் சுற்றிப் பாருங்கள். ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகச் சாய்ந்து நிமிர்கிறது. காற்று ஒரு பக்கமிருந்து வரும்போது ஒளி புல்லின் முதுகில் அலை அலையாக ஓடுகிறது. பிறகு பட்டனை அழுத்துங்கள். இதழ் பிரிந்து மேலே எழும்பும். இப்போது முடிந்த அளவு தாழப் பறந்து பாருங்கள். புல் இரண்டு பக்கமும் பிளந்து வழி விட்டு, நீங்கள் போன பிறகு மெல்ல மூடிக்கொள்ளும். கூட்டமாக இருக்கும் பூக்களை முழுதாக விரியச் செய்தால் சுற்றிலும் காய்ந்து கிடந்த நிலம் பச்சையாகும். விளையாட்டின் ஒரே விதி அதுதான்: ஒரு கூட்டத்தைப் பூக்க வைத்தால் நிலம் பதில் சொல்லும், அடுத்த வழி திறக்கும்.

இரண்டாவது கனவில் நிறம் இல்லாத நிலத்துக்கு நிறம் கொண்டுவருகிறீர்கள். இங்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பூக்கள் வரிசையாகக் கோடு போட்டு நிற்கும் இடங்களில் மட்டும் வேகத்தைக் கூட்டுங்கள், ஸ்வரங்கள் சேர்ந்து ஒரு சின்னப் பாட்டாகிவிடும்.

மூன்றாவது கனவில் காற்றாலைகள் வருகின்றன. அசையாமல் நிற்கும் காற்றாலைகளை நீங்கள் சுழல வைக்க வேண்டும். இங்கேதான் காற்று உங்களைத் தானே தூக்கிக்கொண்டு பள்ளத்தாக்கு வழியாகப் பறக்கும். அந்த நேரத்தில் திசையைத் திருத்தப் போராடாதீர்கள், கையைத் தளர்த்தி அது போகும் போக்கில் விடுங்கள். மனிதன் கட்டிய ஒன்று இயற்கையோடு இசைந்து இயங்கும் காட்சியை விளையாட்டு முதலில் காட்டுவது இங்கேதான். கடைசிக் கனவு சொல்லப்போகும் விஷயத்துக்கான விதை இது.

நான்காவது கனவு இரவில் நடக்கிறது. என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான், அதனால் இரண்டு வரி கூடுதலாகச் சொல்கிறேன். அந்தி மங்கி, வைக்கோல் கட்டுகள் ஆங்காங்கே கிடக்கின்றன. இதழ்களோடு அவற்றை உரசிப் போனால் வைக்கோல் உள்ளிருந்து ஒளிர ஆரம்பிக்கும். விளக்குக் கம்பங்கள் ஒவ்வொன்றாக உயிர்பெறும். கடந்து போன பாதை மட்டும் வெளிச்சமாகவும் மற்றதெல்லாம் கருநீலமாகவும் இருக்கும். அடுத்த கட்டத்துக்கு வழி திறந்த பிறகும் போகாமல், அந்த வயலில் இருட்டாக மிஞ்சிய மூலைகளுக்குத் திரும்பி வந்து ஒளியேற்றுங்கள். விளையாட்டு அதற்குப் பரிசு எதுவும் தராது. ஆனால் முழுதாக ஒளிர்ந்த வயலுக்கு மேலே உயரப் பறந்து ஒருமுறை கீழே பாருங்கள்.

அந்தக் கனவின் முடிவில் சூழல் மாறும். மின்கம்பிகள் பொறி கக்கும், விளக்குகள் அணையும். பயந்துவிட வேண்டாம், சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஐந்தாவது கனவு புயல். மழை, சாம்பல் வானம், சரிந்து கிடக்கும் மின்கோபுரங்கள். அந்த இரும்பில் பட்டால் மின்சாரம் பாய்ந்து இதழ்கள் கருகும், கண்ட்ரோலர் கையில் அதிரும். இதுவரை எதற்கும் தண்டனை தராத விளையாட்டு முதல் தடவையாக வலிக்கச் செய்கிறது. பலர் இங்கே பதறி வேகமாகப் பறந்து மேலும் மேலும் மோதுகிறார்கள். முன்பு பழகிய அதே ‘விடு, சாய், அழுத்து’ இங்கே கைகொடுக்கும். இரும்புகளுக்கு நடுவே எங்கே இடைவெளி இருக்கிறது என்று மிதந்தபடி பாருங்கள், பிறகு ஒரே நேர்கோட்டில் கடந்து போங்கள். எத்தனை முறை மோதினாலும் ‘தோற்றுவிட்டீர்கள்’ என்று ஒரு திரை வராது. ஓய்வுக்காக வந்தவருக்கு எதற்கு இந்தக் கட்டம் என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் இது இல்லாமல் ஆறாவது கனவுக்கு அர்த்தமே இல்லை. அமைதி கெட்டுப் போகும் என்று காட்டிய பிறகுதான் அதைத் திரும்பக் கட்டுவது பெரிதாகத் தெரியும்.

ஆறாவது கனவு நகரம். இதற்கு முன்பு யாரிடமும் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள், நானும் முழுதாகச் சொல்லப்போவதில்லை. இதழ்களுக்கு இப்போது தனி ஒரு பலம் வந்திருக்கும். உங்களைச் சுட்ட அந்தக் கறுப்பு இரும்பை நீங்களே நேராக மோதி உடைக்கலாம். இங்கே மட்டும் தயங்காமல் வேகமாகப் போங்கள். கட்டடங்களுக்கு நிறம் வரும்போது ஒன்றைக் கவனியுங்கள்: நகரம் அழிக்கப்படவில்லை. கட்டடங்கள் நிற்கின்றன, தெருக்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் பச்சை நுழைகிறது. நகரம் கெட்டது, காடு நல்லது என்று இந்த விளையாட்டு எங்கும் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றாக வாழ முடியும் என்கிறது. சென் சொல்ல விரும்பியதும் இந்தச் சமநிலையைத்தான்.

முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். பணியாற்றியவர்களின் பெயர் வரும் பகுதியும் விளையாடக்கூடியதுதான். ஒவ்வொரு பூவைத் தொடும்போதும் ஒருவர் பெயர் வரும். சின்னக் குழு என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும், ஒரு பூவையும் விடாமல் தொடுங்கள்.

மறைந்த பூக்கள்

முதல் சுற்றில் இவற்றைத் தேடாதீர்கள். இரண்டாவது சுற்றுக்கு இதுதான் வேலை. ஆறு கனவுகளிலும் கனவுக்கு மூன்றாக மறைவான பூக்கள் இருக்கின்றன. இடத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டால் தேடும் சுகம் போய்விடும், அதனால் தேடும் முறையை மட்டும் சொல்கிறேன்.

ஒரு பகுதியின் கடைசிப் பூக்கூட்டத்தைத் தொடுவதற்கு முன் நில்லுங்கள். அதைத் தொட்டால் காற்று உங்களை அடுத்த பகுதிக்கு இழுத்துக்கொண்டு போய்விடக்கூடும். தொடாமல் உயரே எழும்பி, அந்தப் பகுதியின் ஓரத்தை ஒரு சுற்று சுற்றுங்கள். விளையாட்டு உங்களை எந்தத் திசைக்குத் தள்ளுகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பாருங்கள். பாறைகளுக்குப் பின்னால், மேட்டின் மறுபக்கச் சரிவில், தொடங்கிய இடத்துக்கே பின்னால் என்று, யாரும் போகத் தேவையில்லாத மூலைகள்தான் இவற்றுக்குப் பிடித்தமானவை. காதையும் பயன்படுத்துங்கள். இவற்றைத் தொடும்போது எழும் ஒலி மற்றப் பூக்களிலிருந்து வேறுபட்டது, ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு சந்தேகம் வராது.

காற்று தானாகத் தூக்கிக்கொண்டு போகும் மூன்றாவது கனவில் மட்டும் இது கடினம். பறக்கத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பகுதியை முழுதாக அலசி முடித்துக்கொள்ளுங்கள்.

யாருக்குக் கொடுக்கலாம்

வீட்டில் கேம் என்றாலே ஒதுங்கிப் போகும் அம்மாவோ தாத்தாவோ இருந்தால், முதல் கனவை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். ‘இந்த பட்டனை அழுத்துங்க, கையைச் சாய்ங்க’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாதீர்கள். ‘அந்தப் பூவை விட்டுட்டீங்களே’ என்று பக்கத்தில் உட்கார்ந்து பிழை பிடிக்கவும் வேண்டாம். இரண்டே கட்டுப்பாடு உள்ள விளையாட்டு என்பதால் அவர்களுக்குச் சில நிமிடங்களில் பிடிபட்டுவிடும். ஐந்தாவது கனவை மட்டும் அவர்கள் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள்.

ஃப்ளவரை முடித்துவிட்டு இதே ருசியில் வேறு வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு வழி. அதே நிறுவனம் 2012இல் வெளியிட்ட ‘ஜர்னி’ பாலைவனத்தில் நடக்கும் பயணம்; வழியில் பெயர் தெரியாத இன்னொருவர் உங்களோடு சேர்ந்து நடக்கக்கூடும். அதன் கலை இயக்குநர் மாட் நாவா பிறகு தனியாகப் போய் 2016இல் கொண்டுவந்தது ‘ஆப்ஸூ’. கடலுக்கடியில் மீன் கூட்டங்களோடு நீந்தும் விளையாட்டு அது. ஆண்ட்ராய்டு போன் மட்டுமே வைத்திருப்பவர்கள் ஃப்ளவரின் நிறுவனமே செய்த ‘ஸ்கை’யை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் கூட்டமும் பொருள் வாங்கச் சொல்லும் அழைப்பும் உண்டு, ஃப்ளவரின் தனிமை இருக்காது. ஆனால் மேகத்துக்குள் பறக்கும் முதல் சில நிமிடங்களில் அதே கைகளின் வேலை தெரியும்.